புழுவைச் சுமப்பவர் யார்?

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

உழவனுக்குப் பகைவர் பலர். வானம் பொய்த்தால் அது ஒரு பகை. வெள்ளம் பெருகினால் அது ஒரு பகை. விளைந்த பின் விலை விழுந்தால் அது எல்லாவற்றினும் பெரும் பகை. இவற்றோடு பூச்சிகளும் நோய்களும் சேர்ந்து கொள்கின்றன. வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தால் நாளேடுகள் முதற் பக்கத்தில் எழுதுகின்றன. 2018-ஆம் ஆண்டு படைப்புழு மக்காச்சோளத்தில் புகுந்தபோது தேநீர்க் கடைகளிலெல்லாம் அதே பேச்சு. கண்ணுக்குத் தெரிகின்ற பகைவனைப் பற்றி நாம் பேசுகிறோம். கூடிப் போராடவும் செய்கிறோம்.

மண்ணுக்கு அடியில் இருந்துகொண்டே வேரைப் பாழாக்கும் பகைவன் ஒருவன் உண்டு. அவனைப் பற்றித் தேநீர்க் கடையில் பேச்சில்லை. அவன் பெயர் வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், வெள்ளரி, பாகல், கேரட் என்று காய்கறிகளுள் அவன் தொடாதது அரிது. வாழை, பப்பாளி, கொய்யா, மாதுளை, திராட்சை, அத்தி என்று பழ மரங்களையும் அவன் விட்டு வைப்பதில்லை. நம் விலங்கியல் பாடத்தில் இந்தப் புழுவைப் பற்றிச் சிறிது படிக்கிறோம். படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கி விடுகிறோம். அதற்கு மேலும் ஒரு கேள்வியை இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகிறேன். இந்தப் புழு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு எப்படிப் போய்ச் சேருகிறது? அதைச் சுமந்து செல்பவர் யார்? இக்கேள்விக்கு நேர்மையாக விடை கண்டுவிட்டால், புழுவை அடக்கும் வழி பாதி தெரிந்துவிடும் என்பது என் கருத்து.

வேருக்குள் ஒரு குடித்தனம்

முதலில் புழுவைப் பற்றிச் சில சொற்கள். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். மண் துகள்களுக்கு இடையே படிந்திருக்கும் நீர்ப்படலத்தில் நெளிந்து சென்று, இளவேரின் நுனியை அடுத்த பகுதியைத் துளைத்து உள்ளே புகுகிறது. உள்ளே ஓரிடத்தில் தலையைப் பதித்து, தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்த உமிழ்நீரின் ஏவலால் அங்குள்ள சில உயிரணுக்கள் பல மடங்கு பருத்துப் போகின்றன. இவற்றை இராட்சத உயிரணுக்கள் என்று நூல்கள் கூறுகின்றன. செடி தன் வளர்ச்சிக்கென்று சேர்த்த உணவு அங்கே வந்து இறங்குகிறது. புழுவோ இருந்த இடத்தை விட்டு அசையாமல் உண்டு பெருக்கிறது. சுற்றியுள்ள வேர்த்திசு வீங்கி முடிச்சாகிறது.

வளர்ந்த பெண்ணைக் கண்டால் புழு என்றே சொல்லத் தோன்றாது. கழுத்து நீண்ட பேரிக்காய் வடிவில், வெண்முத்துப் போல், கடுகினும் சிறியதாக இருக்கும். மெலாய்டோகைன் என்ற கிரேக்கப் பெயருக்கே ஆப்பிள் போன்ற பெண் என்பதுதான் பொருள். அது பசை போன்ற உறைக்குள் சில நூறு முட்டைகளை இடுகிறது. முக்கியமான இனங்கள் பலவற்றில் ஆணின் துணையே தேவையில்லை. பெண் தனித்தே இனத்தைப் பெருக்குகிறது. நம் நாட்டு வெப்பத்தில் முட்டையில் தொடங்கி மறுபடி முட்டை வரை ஏறத்தாழ ஒரு மாதம். நான்கு மாதம் நிற்கும் தக்காளிப் பயிரில் எத்தனை தலைமுறை என்பதை நண்பர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஒற்றைப் புழு போதும், ஒரு குலம் உண்டாக.

முடிச்சு விழுந்த வேர் நீரை ஒழுங்காக ஏற்றாது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி உச்சி வெயிலில் துவண்டு நிற்கும். இலை மஞ்சளிக்கும், காய் சிறுக்கும். இதோடும் நிற்பதில்லை. புழு புகுந்த வேரில் வாடல் நோய்க் காளான் இன்னும் கடுமையாகத் தாக்குகிறது என்பதை, 1892-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பருத்தியில் அட்கின்சன் என்னும் அறிஞர் கண்டு எழுதினார். வேரிலே வெந்நீர் ஊற்றுவது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதை இப்புழு ஓசையில்லாமல் செய்து முடிக்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக் கொள்ளலாகாது. பயறு வகைகளின் வேரிலும் முண்டுகள் உண்டு. அவை தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நல்ல பாக்டீரியாக்களின் வீடுகள். அவை வேரின் பக்கவாட்டில் ஒட்டிக் கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியது, தேய்த்தால் உதிராது.

நடக்க மாட்டாத பயணி

இப்புழு நமக்குப் புதியதன்று. 1855-இல் இங்கிலாந்தில் கண்ணாடி வீட்டில் வளர்ந்த வெள்ளரியின் வேர்களில் பெர்க்லி என்னும் பாதிரியார் இம்முடிச்சுகளைக் கண்டார். 1887-இல் பிரேசில் நாட்டுக் காப்பித் தோட்டங்களில் கோல்டி இப்புழுவை ஆராய்ந்து மெலாய்டோகைன் என்று பெயரிட்டார். இந்தியாவில் முதன்முதலாக இப்புழு பதிவானது எங்கே தெரியுமா? நம் நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவில், தேயிலைத் தோட்டத்தில், 1901-ஆம் ஆண்டில். கண்டவர், பின்னாளில் கோவைக் கரும்பு ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற பார்பர். ஆக, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இப்பகைவன் இருப்பது நமக்குத் தெரியும்.

இப்போது கேள்விக்கு வருவோம். காலில்லாத, இறகில்லாத, அரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் இளம்புழு மண்ணுக்குள் எவ்வளவு தூரம் போகும்? தன் முயற்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக் கொள்வது வழக்கம். இக்கணக்கின்படி, பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர அதற்குப் பத்தாயிரம் ஆண்டு வேண்டும். நாற்று ஏற்றிய வண்டியில் ஏறிக்கொண்டால் அரைமணி நேரம் போதும்!

வாய்க்கால் நீரில் சில புழுக்கள் அடுத்த வயலுக்குப் போகலாம். டிராக்டர் சக்கரத்திலும் மண்வெட்டியிலும் ஒட்டிய மண்ணோடு சில போகலாம். ஆயினும் மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம், கடல் கடந்து நாடு விட்டு நாடு போவதற்கு இப்புழுவுக்கு உள்ள வாகனம் ஒன்றுதான். அது நாம் விலை கொடுத்து வாங்கி, தண்ணீர் தெளித்து, அலுங்காமல் வீட்டுக்குக் கொண்டுவரும் நாற்றும் கன்றும் விதைக்கிழங்கும் ஆகும். புழு பரவுகிறது என்று எழுதுகிறோம். உண்மையில் நாம் பரப்புகிறோம் என்று எழுதுவதே பொருந்தும்.

கொய்யா சொல்லும் பாடம்

இதற்குச் சான்று வேண்டுமானால், அண்மைக் காலத்தில் உலகெங்கும் பேசப்படும் மெலாய்டோகைன் என்டரோலோபியை என்னும் இனத்தின் பயணத்தைப் பார்க்கலாம். 1983-இல் சீனாவின் ஹைனான் தீவில், ஒரு மரத்தின் வேரிலிருந்து இவ்வினம் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1988-இல் உலகின் மறுகோடியில், கரிபியக் கடலின் புவெர்ட்டோ ரிகோத் தீவில், கத்தரி வேரில் கண்ட ஒரு புழுவுக்கு வேறு பெயர் சூட்டினார்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே என்று தெளிவாயிற்று. 2001-இல் பிரேசிலின் வடகிழக்கே பெர்னம்புகோ, பாகியா மாநிலங்களின் கொய்யாத் தோட்டங்களில் இது தென்பட்டது. அங்கே இப்புழுவும் பியூசேரியம் காளானும் கைகோத்து மரங்களைக் காய வைத்தன. தோட்டம் தோட்டமாக மரங்களை வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

2016-இல் நம் தமிழ்நாட்டுக் கொய்யாத் தோட்டங்களில் இவ்வினம் இருப்பது அறிவியல் ஏட்டில் பதிவாயிற்று. இந்தியாவில் இதைப் பற்றிய முதற் பதிவும் அதுவே.

இவ்வினத்தை ஏன் அஞ்ச வேண்டும்? தக்காளியில் மி என்றொரு மரபணு உண்டு. தென்னமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து, 1940-களில் அரும்பாடுபட்டு நம் தக்காளிக்குள் கொண்டு வந்தது அது. மற்ற முக்கிய வேர்முடிச்சுப் புழுக்களை அது தடுத்து நிறுத்தும். இந்தப் புழு அந்த வேலியையும் தாண்டி விடுகிறது. கொய்யாவிலோ, நாம் விரும்பி நடும் இரகங்களில் இதை எதிர்த்து நிற்பது எதுவும் இல்லை. பிரேசிலின் எம்பிராப்பா ஆராய்ச்சி நிறுவனம், கொய்யாவையும் அதன் காட்டு உறவான ஒரு செடியையும் கலந்து, புழுவைத் தாங்கும் வேர்க்கன்று ஒன்றை உண்டாக்கியிருக்கிறது. அத்தகையது நம் ஊர் நாற்றுப் பண்ணைக்கு வந்து சேரும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா?

இதே புழு 2018-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு வயலில் காணப்பட்டது. அங்கே அது எப்படி வந்தது? வட கரோலினாவிலிருந்து வாங்கிய விதைக்கிழங்கோடு வந்தது. அம்மாநில அரசு உடனே தடைக்காப்பு விதித்தது. பணமும் ஆராய்ச்சிக் கூடங்களும் நிறைந்த நாட்டிலும் புழு ஏறிய வாகனம் அதேதான்.

கண்ணால் கண்டது

எங்கள் ஊரில் எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர், ஓர் ஏக்கரில் நானூறு கொய்யாக் கன்றுகளை நட்டார். நெடுஞ்சாலை ஓரத்து நாற்றுப் பண்ணை ஒன்றில் வாங்கிய பதியன் கன்றுகள். சொட்டுநீர்க் குழாய் போட்டார், தொழுஉரம் வைத்தார், நகைக்கடன் வாங்கினார். முதல் இரண்டு ஆண்டு கன்றுகள் குறையின்றி வளர்ந்தன. மூன்றாம் ஆண்டில் இலைகள் செம்பு நிறமாயின. நுனிக் கிளைகள் காய்ந்தன. காய்கள் கோலிக்குண்டு அளவோடு நின்றன. உரக்கடையில் நுண்ணூட்டச் சத்துக் குறை என்றார்கள். அதை வாங்கித் தெளித்தார். தண்ணீர் போதவில்லை என்றார் ஒருவர், தண்ணீரைக் கூட்டினார். செய்ததெல்லாம் இலைக்கு. நோயோ வேரில்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகவே ஊரில் செடி காய்ந்தாலும் மாடு படுத்தாலும் என்னைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. பெரியப்பாவும் கேட்டார். காய்ந்த மரம் ஒன்றைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தோம். வேர்கள் வேர்களாக இல்லை. இஞ்சிக் கிழங்கைக் கோத்துத் தொங்க விட்டது போல் இருந்தன. ஒரு கொத்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து, துறை ஆய்வகத்தில் ஆசிரியரின் அனுமதியோடு முடிச்சை ஊசியால் கிழித்து, நுண்ணோக்கியில் வைத்தேன். பாடநூலில் வரைந்த அதே வெண்முத்துகள்! பாடநூலில் அது ஒரு படம். எங்கள் ஊரில் அது ஒரு நகைக்கடன்.

செய்தியைச் சொன்னபோது பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அது சரி தம்பி, அத்தனை தொலைவிலிருந்து இந்தப் புழு எப்படி என் தோட்டத்துக்கு வந்துச்சு?"

அந்த ஓர் ஏக்கர் அதற்கு முன் பல ஆண்டு வானம் பார்த்த மேய்ச்சல் நிலமாகக் கிடந்தது. பக்கத்து நிலங்களில் முடிச்சு இல்லை. அதே லாரியில் கன்று இறக்கிய இன்னொருவர் தோட்டத்திலும் இதே கதை. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் விடை எங்கே இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மருந்து தீர்வாகுமா?

இதற்கு மருந்து ஊற்றினால் தீராதா என்று நண்பர்கள் கேட்கலாம். இவ்வகை மருந்துகளின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். டிபிசிபி என்றொரு மருந்தை ஒரு காலத்தில் நூற்புழுவுக்குக் கண்கண்ட தெய்வம் என்று கொண்டாடினார்கள். 1977-இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த தொழிற்சாலையின் ஆண் தொழிலாளர்கள் பலர் மக்கட்பேறு இழந்தவர்களாயிருப்பது தெரிய வந்தது. 1979-இல் அமெரிக்காவில் அதன் பயன்பாடு ஏறத்தாழ முழுவதும் நிறுத்தப்பட்டது. நம் நாட்டில் உழவர்கள் கையால் அள்ளித் தூவிய போரேட் குருணையும் 2020 டிசம்பர் இறுதியோடு தடை செய்யப்பட்டது. புழுவைக் கொல்ல வந்தது மனிதனையும் தொட்டது என்பதே இவ்வரலாறு. புதிய மருந்துகள் சில வந்துள்ளன. ஆனால் வேரின் முடிச்சுக்குள்ளும் பசை உறைக்குள்ளும் பத்திரமாக இருக்கும் முட்டைகளை அடியோடு ஒழிக்கும் மருந்து எதுவும் இல்லை. சிறு உழவனுக்கு அவை கட்டுப்படியாவதும் இல்லை.

மருந்தல்லாத நல்வழிகள் பல உண்டு. கோடையில் ஆழ உழுது மண்ணைக் காய விடலாம். மண்ணை நனைத்து, நிறமற்ற பாலிதீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி, வெயிலாலேயே புழுவைக் கொல்லலாம். இம்முறையை 1976-இல் இஸ்ரேல் நாட்டின் கட்டான் என்பார் உலகுக்கு எடுத்துக் காட்டினார். செண்டுமல்லியை ஊடுபயிராக இடலாம். அதன் வேரில் நூற்புழுவுக்கு நஞ்சாகும் பொருள் உண்டு. வேப்பம்புண்ணாக்கு இடலாம். புழுவின் முட்டையைத் தின்னும் பர்ப்பூரியோசிலியம் என்னும் காளானைத் தொழுஉரத்தில் பெருக்கி இடலாம். இவையெல்லாம் புழுவைக் குறைக்கும், நான் மறுக்கவில்லை.

எனினும் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். தக்காளி வயலில் புழு வந்தால் அடுத்த போகம் நெல்லோ எள்ளோ போட்டுப் புழுவின் தொகையைக் குறைக்கலாம். பதினைந்து இருபது ஆண்டு நிற்க வேண்டிய கொய்யா மரத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு மண்ணைக் காய வைக்க முடியுமா? நடும் நாளில் கன்றின் வேரில் என்ன இருந்ததோ, அதுவே அத்தோட்டத்தின் தலையெழுத்து. ஆகவே பழப்பயிரைப் பொறுத்தவரை நோயைத் தடுக்கும் இடம் தோட்டம் அன்று, நாற்றுப் பண்ணையே.

சட்டம் நமக்குப் புதிதா?

கன்று வியாபாரத்தில் அரசு எப்படித் தலையிட முடியும் என்று சிலர் ஐயுறலாம். நம் மாநிலமே இதற்கு வழிகாட்டியிருக்கிறது. 1961-இல் நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில் முட்டைக்கூட்டு நூற்புழு என்னும் வேறொரு வகைப் புழுவை ஜோன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் கண்டுபிடித்தார். 1971-இல் தமிழ்நாடு அரசு, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்லாதபடி தடைக்காப்பு ஆணை பிறப்பித்தது. அதற்கு அடிப்படையான சட்டமோ 1914-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. விதை என்ற சொல்லுக்குள் நாற்றும் ஒட்டும் அடங்கும் என்று 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டமும் கூறுகிறது. உருளைக்கிழங்குக்கு ஒரு நியாயம், கொய்யாவுக்கு ஒரு நியாயமா?

நான் கேட்பது பெரிதன்று. பழக்கன்று விற்கும் ஒவ்வொரு பண்ணையிலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தாய்மரத்து வேரையும் பை மண்ணையும் எடுத்து நூற்புழுவுக்கு ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வின் முடிவைப் பண்ணை வாசலில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். புழு கண்ட பண்ணையின் கன்றுகள், மண் தூய்மையாகும் வரை வெளியே போகலாகாது. இவ்வளவே. தேசியத் தோட்டக்கலை வாரியம் நாற்றுப் பண்ணைகளுக்குத் தரச்சான்று வழங்குகிறது. அதை நாடிச் செல்லும் பண்ணைகளுக்கு அது கிடைக்கிறது. நாடாத பண்ணையில் வாங்கும் உழவன் என்ன பாவம் செய்தான்?

இதனால் சிறு பண்ணைக்காரர் பிழைப்பு கெடும் என்று ஒரு வாதம் உண்டு. அவ்வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பண்ணை வைத்திருப்பவரில் பெரும்பாலோர் செல்வர் அல்லர். அரை ஏக்கரில் குடும்பமே குனிந்து பை நிரப்பி வாழ்பவர்கள். தங்கள் கன்றில் புழு இருப்பது அவர்களுக்கே தெரியாது. தெரிந்தே நஞ்சு விற்பவர் என்று அவர்களைப் பழிப்பது நியாயமாகாது. ஆனால் அவர்கள் செய்ய வேண்டிய மாற்றங்களும் எளியவையே. பை நிரப்பும் செம்மண்ணையும் மணலையும் கோடையில் பாலிதீன் தாளால் மூடிக் காய வைப்பது. பைகளை வெறுந்தரையில் அடுக்காமல் சிமெண்டுத் தளத்திலோ கனத்த தாளின் மேலோ அடுக்குவது. வெறுந்தரையில் இருந்தால் பையின் துளை வழியே வேர் கீழிறங்கித் தரையிலுள்ள புழுவை ஏற்றுக் கொள்கிறது. கன்றுகளின் இடையே தக்காளி, கத்தரி நாற்று வளர்க்காமலும், மணத்தக்காளி போன்ற களைகளை முளைக்க விடாமலும் இருப்பது. இவற்றுக்கு ஆகும் செலவு கன்றுக்குச் சில ரூபாய். அச்செலவில் ஒரு பங்கை அரசு மானியமாகத் தரட்டும். மீதியை விலையில் கூட்டட்டும். நானூறு மரங்களை வெட்டி எறிவதைவிட அது மலிவு.

முடியாத காரியம் இது என்பாருக்கு நம் கண்ணெதிரே ஒரு விடை இருக்கிறது. முன்பு காய்கறி நாற்றுகளை வயலின் மூலையில் பாத்தி கட்டி வளர்த்தார்கள். இன்று தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் நிழல்வலைக் குடிலில் வளர்த்து விற்கிறார்கள். உழவர்களும் காசு கொடுத்து விரும்பி வாங்குகிறார்கள். தரையின் மண் படாததால் நூற்புழுவுக்கு அங்கே இடம் குறைந்தது. தக்காளி நாற்றில் நடந்தது கொய்யாக் கன்றில் நடக்காதா?

கலைக் கல்லூரிக்கு இதில் என்ன வேலை?

இது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலை, அரசு கலைக் கல்லூரிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கோவையில் நூற்புழுவியலுக்கென்று தனித்துறை இருப்பதும், அங்குள்ள அறிஞர்கள் உழைப்பதும் நாமறிவோம். ஆனால் ஓர் உழவன் ஒரு பை மண்ணைத் தூக்கிக் கொண்டு கோவைக்குப் பேருந்து ஏறுவான் என்று எதிர்பார்ப்பது நடைமுறை ஆகாது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் மண்ணின் பன்னிரண்டு கூறுகளை ஆய்ந்து எழுதித் தருகிறார்கள். தழை, மணி, சாம்பல் சத்துகள் உண்டு; கந்தகம், துத்தநாகம், இரும்பு உண்டு; அமிலத் தன்மை உண்டு. மண்ணில் வாழும் புழுவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சத்தெல்லாம் நிறைவு என்று அட்டை சொல்லும். செடி காய்ந்து கொண்டிருக்கும்.

இந்த இடைவெளியில்தான் நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கு இடம் இருக்கிறது. மண்ணில் நூற்புழு உண்டா என்று பார்க்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. 1917-இல் ஜாவாவில் பணிபுரிந்த பேர்மன் என்னும் மருத்துவர் வகுத்த புனல் முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. ஒரு கண்ணாடிப் புனல், அதன் அடியில் ஒரு ரப்பர்க் குழாய், குழாயை இறுக்க ஒரு கவ்வி, துணியில் முடிந்த ஒரு பிடி மண், புனல் நிறையத் தண்ணீர். ஓரிரு நாள் அப்படியே விட்டால், உயிருள்ள புழுக்கள் துணியைக் கடந்து நீரில் இறங்கிக் குழாயின் அடியில் சேர்ந்துவிடும். கவ்வியைத் தளர்த்திச் சில துளி பிடித்து நுண்ணோக்கியில் வைத்தால் போதும். இவற்றுள் நம் ஆய்வகத்தில் இல்லாத பொருள் எது?

எந்த இனம் என்று துணிவது நம்மால் ஆகாது. அதற்குப் பயிற்சியும் மரபணுச் சோதனையும் வேண்டும். அதைக் கோவைக்கு அனுப்பலாம். ஆனால் புழு இருக்கிறதா இல்லையா, வேரில் முடிச்சு உண்டா இல்லையா என்ற முதற்கேள்விக்கு விடை சொல்ல இரண்டாம் ஆண்டு மாணவனால் முடியும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் சாலையைச் சீர் செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். நடும் கன்றின் வேரை ஒரு முறையேனும் கழுவிப் பார்த்ததுண்டா? வாரத்தில் ஒரு நாள் பிற்பகல், சுற்று வட்டார உழவர்கள் மண்ணும் வேரும் கொண்டு வந்தால் பார்த்துச் சொல்லும் ஒரு மேசையை விலங்கியல் துறையும் தாவரவியல் துறையும் சேர்ந்து அமைக்கலாம். நம் மாணவரில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். படிப்பு எதற்கு உதவுகிறது என்று வீட்டில் கேட்கும் கேள்விக்கு அந்த மேசை ஒரு விடையாக இருக்கும். பேராசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நண்பர்களுக்கும் ஒரு சொல். அரசாணை வரும்போது வரட்டும். இந்த ஆண்டு உங்கள் வீட்டில் கன்று வாங்குகிறார்கள் என்றால், நீங்களும் கூடச் செல்லுங்கள். நூறு கன்று வாங்கினால் இரண்டு மூன்று பைகளைப் பண்ணையிலேயே கிழித்து, வாளித் தண்ணீரில் வேரை மெல்லக் கழுவிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் அந்தத் தொகுதியில் ஒரு கன்றும் வேண்டாம். பண்ணைக்காரர் கோபித்தால் கிழித்த கன்றுகளின் விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இளங்கன்றில் முடிச்சு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆதலால் பையிலிருந்து ஒரு பிடி மண்ணையும் வாங்கி வந்து புனலில் இடுங்கள். கேட்கும் உழவர் பெருகினால், தூய கன்று விற்கும் பண்ணையும் பெருகும். காய் வாங்கும்போது முற்றலா பிஞ்சா என்று கிள்ளிப் பார்க்கும் நாம், இருபது ஆண்டு வாழப்போகும் மரத்தின் வேரைப் பார்க்காமல் வாங்குவது என்ன நியாயம்?

ஆண்டுக்கு ஒரு மீட்டர் போகும் புழுவோடு நாம் ஓட்டப் பந்தயம் ஓடத் தேவையில்லை. அதைத் தூக்கிக் கொண்டு ஓடாமல் இருந்தால் போதும்.